குதிரையோடும் கழுதையோடும் வழி நடப்பதில் அப்படி என்ன சுகம்?

மெரினாவில் பிள்ளைகளோடு போய்ப் பத்து நிமிடம் குதிரை ஏறியதுதான் உங்கள் அனுபவம் என்கிறீர்கள். சென்னையில் இருந்துகொண்டே ஊருக்கு வெளியே பாதைகளில் சவாரி போக முடியுமா, அதில் அப்படி என்ன இருக்கிறது, சிலர் கழுதையைக் கூட்டிக்கொண்டு நடைப்பயணம் போகிறார்களாமே அது எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் சேர்த்தே சொல்கிறேன். முதன்முதலாகச் சேணத்தில் உட்கார்ந்தபோது எனக்கு வயது 38. இப்போது 52. வாரத்தில் ஒரு நாளாவது, மழை இல்லாத காலமானால் இரண்டு நாள், கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் சவாரி போகிறேன். அதனால் பதில் கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

முடியும். ட்ரெயில் ரைடிங் என்கிற இந்தப் பாதைச் சவாரியில் பந்தயம் கிடையாது, தடை தாண்டுவது கிடையாது. வேலி போட்ட மைதானத்தை விட்டு வெளியே வந்து, தோப்பு வழி, ஊர் வழி, மணல் வழி என்று போய்விட்டுத் திரும்புவது, அவ்வளவுதான். பெரும்பாலான நேரம் குதிரை நடக்கும். மணிக்கு ஆறு கிலோமீட்டர் வரும், வேகமாக நடக்கிற மனிதரின் நடை. மண் நன்றாக இருக்கும் இடத்தில் கொஞ்சம் ட்ராட், அதாவது குலுங்கு நடை. ஒன்றரை மணி நேரத்தில் பத்துக் கிலோமீட்டர் போய் வந்தால் தாராளம்.

அப்புறம் என்ன சுகம் என்றால், நமக்குக் கேட்காத சத்தமும் கேட்கிற, நம்மைவிட அகலமாகப் பார்க்கிற ஓர் உயிர் அந்த வழியை எப்படிப் பார்க்கிறது என்பது அதன் முதுகில் இருக்கும்போது நமக்கும் கொஞ்சம் தெரிய ஆரம்பிக்கிறது. எனக்கு இதற்கு மேல் ஒரு சுகம் இதில் தேவைப்பட்டதில்லை.

நான் வழக்கமாக ஏறுவது பொன்னி என்கிற பெண் குதிரை. கத்தியவாரிக் கலப்பு. குஜராத்தின் கத்தியவாரிக்கும் ராஜஸ்தானின் மார்வாரிக்கும் காதுகள் உள்பக்கமாக வளைந்து, நுனிகள் ஒன்றையொன்று தொடப் பார்க்கும். பொன்னிக்கு அந்த வளைவு பாதிதான் வந்திருக்கிறது. அவள் மேல் உட்கார்ந்தால் உலகம் முழுக்க அந்த இரண்டு காதுகளுக்கு நடுவில்தான் தெரியும். ஒரு காது முன்னால், ஒரு காது என்னை நோக்கிப் பின்னால் திரும்பியிருந்தால் எல்லாம் சரி என்று அர்த்தம். வழியையும் கவனிக்கிறாள், என்னையும் கவனிக்கிறாள். இரண்டு காதும் விறைத்து ஒரே இடத்தைக் குறி வைத்தால் அங்கே ஏதோ இருக்கிறது.

ஒரு ஜனவரி மாத விடியற்காலை. கோவளத்தைத் தாண்டி ஒரு சவுக்குத் தோப்புக்குள் போய்க்கொண்டிருந்தோம். கீழே சவுக்கு முள் மெத்தை மாதிரி விழுந்து கிடந்ததால் குளம்புச் சத்தமே இல்லை. சேணத்தின் தோல் உரசுவதும், அவள் மூச்சும், தூரத்தில் அலையும்தான். திடீரென்று அவள் இரண்டு காதையும் இடப்பக்கத் தாழம்புதரைப் பார்த்துத் திருப்பினாள். நடை நிற்கவில்லை, கழுத்து மட்டும் ஒரு சாண் உயர்ந்தது. எனக்கு எதுவும் கேட்கவில்லை. நான் அரை நிமிடம் எண்ணியிருப்பேன், ஒரு மீனவ அண்ணன் டிவிஎஸ் வண்டியில் பின்னால் வலையைக் கட்டிக்கொண்டு புதரைச் சுற்றி வந்தார். வந்தவரைப் பார்த்ததும் அவள் காதுகள் தளர்ந்தன, கழுத்து இறங்கியது, மூக்கால் நீளமாக ஒரு மூச்சு விட்டாள். அந்த மூச்சு என் தொடைக்குக் கீழே அவள் விலாவில் விரிந்து சுருங்கியது எனக்கு இன்னும் உடம்பில் இருக்கிறது.

குதிரையின் கண்கள் தலையின் இரு பக்கத்திலும் இருப்பதால் கிட்டத்தட்ட முழு வட்டமும் அதற்குத் தெரியும். தெரியாதது இரண்டே இடம்: மூக்கு நுனிக்கு நேர் முன்னால் கொஞ்சம், வாலுக்கு நேர் பின்னால் கொஞ்சம். அதனால்தான் பின்னாலிருந்து சத்தமில்லாமல் போய்த் தொடக் கூடாது என்கிறார்கள். புல்வெளியில் கூட்டமாக வாழ்ந்து, ஆபத்து என்றால் முதலில் ஓடு, பிறகு பார் என்று பிழைத்த விலங்கு அது. காற்றில் பறக்கும் பிளாஸ்டிக் பை அதற்கு வேட்டையாட வரும் விலங்கு மாதிரிதான். நம் பக்கத்துப் பாதைகளில் பிளாஸ்டிக் பைகளுக்கா பஞ்சம்! முதல் வருடம் ஒவ்வொரு பையைப் பார்த்தும் நான் கடிவாளத்தை இறுக்கிப் பிடித்தேன். நான் இறுக்கினால் 'ஓஹோ, இவளும் பயப்படுகிறாள், அப்படியானால் அது ஆபத்துதான்' என்று குதிரை முடிவு செய்துவிடும். மூச்சை நீளமாக விட்டு, இடுப்பைத் தளர்த்தி, கண்ணைப் பையில் வைக்காமல் அதைத் தாண்டிய வழியில் வைக்கப் பழகியதும் பொன்னி பாதித் துள்ளலை விட்டுவிட்டாள். வேறு எந்த வேலையிலும் என் உடம்பின் பதற்றம் இவ்வளவு உடனே எனக்குத் திரும்பக் காட்டப்பட்டதில்லை.

புதிதாக வருபவர்கள் பாய்ச்சலுக்கு அவசரப்படுகிறார்கள். கேன்டர் என்கிற மெதுவான பாய்ச்சல் எப்போது, கேலப் என்கிற முழுப் பாய்ச்சல் எப்போது என்று கேட்பார்கள். எனக்கு நடைதான் உயர்ந்தது. குதிரை நடக்கும்போது நான்கு குளம்பும் தனித்தனியாக விழும், நாலு தாளம். அந்த அசைவு நம் இடுப்பை நாமே நடப்பது போலவே அசைக்கும். இருபது நிமிடம் ஆனால் முதுகு தானாக நிமிரும், தோள் இறங்கும். ட்ராட்டில் இரண்டு தாளம், குறுக்குக் கால்கள் ஜோடியாக விழும், அதில் எழுந்து உட்காரக் கற்க வேண்டும். கேன்டர் மூன்று தாளம். அது வரும்போது வரட்டும்.

கடற்கரைக்கு வருவோம், ஏனென்றால் சென்னைக்காரர்கள் மனதில் குதிரை என்றாலே கடற்கரைதான். உலர்ந்த மணலில் குதிரையை ஓட்டாதீர்கள். கால் புதையப் புதையத் தசைநாண்கள் இழுபடும், ஒரு முறை பழுதானால் குணமாக மாதக்கணக்காகும். அலை வந்து போன ஈரமணல்தான் நல்லது, அதிலும் நடையோ ட்ராட்டோ போதும். பின்வாங்குகிற அலையைப் பார்த்துக் குதிரைக்குத் தரை நகர்வது போல இருக்கும் என்று நினைக்கிறேன், பொன்னி முதல் மூன்று தடவையும் நண்டு மாதிரிப் பக்கவாட்டில்தான் நடந்தாள். இன்னொன்று, ஜனவரியிலிருந்து மார்ச் வரை பங்குனி ஆமைகள் இந்தக் கரையில் முட்டையிட வரும். அலை எட்டாத மேட்டு மணலில்தான் குழி தோண்டும். அந்த மாதங்களில் மேட்டு மணல் பக்கமே குதிரையைத் திருப்புவதில்லை. கரை ஊர்களில் வலை காயப்போட்டிருக்கும் இடத்தில் இறங்கிக் கையில் பிடித்து நடத்திப் போங்கள். குளம்பு ஒன்று வலையில் சிக்கினால் வலைக்கும் கேடு, குதிரைக்கும் கேடு. வலைக்காரர்களுக்கு வணக்கம் சொல்லிவிட்டுப் போனால் அடுத்த முறை நாயைப் பிடித்துக்கொள்வார்கள்.

வெயில் பற்றி நான் கண்டிப்பானவள். குதிரை நம்மைப் போல வியர்த்துத்தான் உடம்பைக் குளிர்விக்கும், காற்றில் ஈரம் கூடினால் வியர்வை ஆறாது. சவாரிக்காரர்களிடம் ஒரு பழைய கணக்கு உண்டு. வெப்பத்தை ஃபாரன்ஹீட்டில் எடுத்து, காற்றின் ஈரப்பத சதவீதத்தோடு கூட்டுங்கள். 130க்குள் இருந்தால் கவலையில்லை. 150ஐத் தாண்டினால் கவனம். 180 என்றால் ஏறவே கூடாது. மே மாதத்தில் நம் ஊரில் விடிகாலையிலேயே 84 டிகிரியும் 80 சதவீத ஈரமும் இருக்கிற நாட்கள் உண்டு, கூட்டினால் 164. அதனால் ஏப்ரல் பாதியிலிருந்து ஜூன் வரை நாங்கள் அரை மணி நேர நடையோடு நிறுத்திக்கொள்கிறோம். டிசம்பர் மழை ஓய்ந்ததிலிருந்து மார்ச் தொடக்கம் வரைதான் நமக்கு நல்ல பருவம். காலை ஆறுக்குக் கிளம்பி எட்டுக்குள் கொட்டகை திரும்பிவிட வேண்டும்.

சட்டமும் இதைச் சொல்கிறது. இழுவை, சுமை விலங்குகளுக்காக 1965ல் வந்த வதைத் தடுப்பு விதிகளின்படி, வெப்பம் 37 டிகிரி செல்சியஸைத் தாண்டும் இடத்தில் பகல் 12 மணியிலிருந்து 3 மணி வரை அவற்றைச் சுமக்க வைக்கக் கூடாது. இடைவிடாமல் ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, ஒரு நாளில் மொத்தம் ஒன்பது மணி நேரம்தான். சுமையிலும் வரம்பு உண்டு: மட்டக்குதிரைக்கு 70 கிலோ, கழுதைக்கு 50, கோவேறு கழுதைக்கு 200. மெரினாவில் அடுத்த முறை பிள்ளையை ஏற்றும் முன் குதிரையைச் சுற்றி ஒரு முறை வாருங்கள். சேணத்துக்கு அடியில் புண், வாயோரத்தில் வெடிப்பு, ஒரு காலை ஊன்றாமல் நிற்பது, இதில் எது இருந்தாலும் ஏற வேண்டாம். தண்ணீர் வாளி எங்கே என்று கேளுங்கள். நல்ல குதிரைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார், பெருமையாகக் காட்டுவார்.

நீங்கள் கற்க ஆரம்பிக்கும்போது பெரும்பாலும் ஓய்வு பெற்ற பந்தயக் குதிரைதான் கிடைக்கும். தரோபிரெட் இனம், கால் நீளம், மனசு சட்டென்று பற்றிக்கொள்ளும். வாழ்நாளெல்லாம் ஓடச் சொல்லியே பழக்கப்பட்டதற்கு நடக்கக் கற்றுக்கொடுக்க நாளாகும். பாதைக்கு எனக்குப் பிடித்தது நாட்டு ரகங்கள்தான். வெயில் தாங்கும், கல் தாங்கும், குளம்பு கெட்டி. உங்கள் எடை, சேணம் எல்லாம் சேர்த்துக் குதிரை எடையில் ஐந்தில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும். 400 கிலோ குதிரைக்கு 80 கிலோ. இந்தக் கணக்கைச் சொல்லாத இடத்தில் பணம் கட்டாதீர்கள்.

தலைக்கவசம் கட்டாயம். காலுக்குக் குதிங்கால் வைத்த ஷூ, ஏனென்றால் செருப்போ கான்வாஸ் ஷூவோ அங்கவடிக்குள், அதாவது சேணத்தில் கால் வைக்கும் வளையத்துக்குள், வழுக்கி உள்ளே போய்விடும், விழுந்தால் கால் மாட்டிக்கொண்டு குதிரை இழுத்துப் போகும். டெட்டனஸ் ஊசி போட்டுக்கொள்ளுங்கள், லாயம் இருக்கும் மண்ணில் அந்தக் கிருமி சாதாரணம். அண்ணா சாலையில் தீவுத்திடல் பக்கம் வெள்ளைக்கார கவர்னர் தாமஸ் மன்றோ குதிரை மேல் இருக்கும் சிலையைப் பார்த்திருப்பீர்கள். 1839ல் வைத்தது, சேணமும் இல்லை, அங்கவடியும் இல்லை. அந்த வழியாகப் போகும்போதெல்லாம் அங்கவடி இல்லாமல் உட்காருவதற்குத் தொடையில் எவ்வளவு பலம் வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றும். முதல் மாதம் ஆசிரியர் அங்கவடியைக் கழற்றிவிட்டு உட்காரச் சொன்னால் மறுக்காதீர்கள். உட்காரும் இடம் அப்போதுதான் பிடிபடும்.

ஒரே ஒரு முறை மோசமாக விழுந்திருக்கிறேன். சேணத்தின் வயிற்றுவாரை இறுக்கும்போது பல குதிரைகள் வயிற்றை உப்பிக்கொள்ளும். பத்து நிமிடம் நடந்ததும் வயிறு இறங்கும், வார் தொளதொளக்கும். அன்று என்னோடு வந்தவர்கள் கிளம்பிவிட்ட அவசரத்தில் இரண்டாம் தடவை இறுக்காமல் ட்ராட்டுக்குப் போனேன். திருப்பத்தில் சேணம் அப்படியே பக்கவாட்டில் சுழன்றது. தோள்பட்டை எலும்பில் விரிசல், ஆறு வாரம். குதிரை நாலு எட்டு ஓடி நின்று, திரும்பி வந்து என் ஷூவை மோந்தது. அன்றிலிருந்து கிளம்பிப் பத்தாவது நிமிடம் எல்லோரையும் நிறுத்தி வார் பார்க்க வைக்கிறேன். யார் அலுத்துக்கொண்டாலும் விடுவதில்லை.

கூட்டமாகப் போனால் முன்குதிரைக்கும் பின்குதிரைக்கும் நடுவில் ஒரு குதிரை நீளம் இடம் விடுங்கள். வாலில் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தால் அது உதைக்கும் குதிரை, இன்னும் தள்ளியே இருங்கள். காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழையக் கூடாது. விதிகள் இவ்வளவு போதும்.

இனி கழுதை. இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

முதலில் ஒன்று, நம் ஊர்க் கழுதை மேல் பெரியவர்கள் ஏறக் கூடாது. உடம்பு பெரிதான ஐரோப்பியக் கழுதைகளுக்கே ஏறுபவர் எடை 50 கிலோவுக்குள் இருக்க வேண்டும் என்று பிரிட்டனின் டாங்கி சாங்க்சுவரி அமைப்பு சொல்கிறது. நம்முடையது இடுப்புயரம்தான். அதனால் கழுதைப் பயணம் என்றால் கழுதை கொஞ்சம் சாமான் சுமக்கும், நாம் பக்கத்தில் நடப்போம். பிரான்ஸின் செவென் மலைகளில் இப்படிக் கழுதையை வாடகைக்கு எடுத்துக்கொண்டு குடும்பத்தோடு நாட்கணக்கில் நடக்கிறார்கள். நம் பக்கம் மலைக்குச் சாமான் ஏற்றுவது பிழைப்பாக இருந்தது, சில இடங்களில் இன்னும் இருக்கிறது. கொடைக்கானலுக்கு மலைச்சாலை வரும்வரை பெரியகுளம் பக்கத்திலிருந்து ஏறும் குதிரைப்பாதைதான் வழி. தர்மபுரி மாவட்டம் பென்னாகரம் பக்கம் கோட்டூர் மலைக்குத் தேர்தலின்போது வாக்குப்பதிவு இயந்திரங்களே கழுதை முதுகில்தான் போயின.

அந்தப் பக்கத்தில்தான், ஏழு வருடம் முன்பு, கழுதை வைத்திருக்கும் ஒரு பெரியவரோடு மேலே நடந்தேன். அரிசி மூட்டை ஏற்றிய இரண்டு கழுதை, கூடவே வெறும் முதுகோடு ஒரு பெட்டைக் கழுதை. அதை அம்மணி என்று கூப்பிட்டார். கயிற்றை என்னிடம் கொடுத்தார். சாம்பல் நிறம், முதுகெலும்பு நெடுக ஒரு கறுப்புக் கோடு, தோளில் குறுக்கே இன்னொன்று. காதுக்குள் முடி பஞ்சு மாதிரி. குதிரை பழகிய திமிரில் நான் முன்னால் நடந்து கயிற்றைப் பிடித்து வந்தேன். பாதி மலையில், சருகு மூடிய ஒரு சரிவில் அம்மணி நின்றுவிட்டாள். இழுத்தேன். கழுத்தை நீட்டினாள், கால் ஒன்றும் அசையவில்லை. இன்னும் இழுத்தேன்.

பெரியவர் பின்னாலிருந்து சொன்னார்: "இழுக்காத கண்ணு. அது யோசிக்குது."

கயிற்றைத் தொங்கவிட்டேன். அம்மணி தலையைத் தாழ்த்திச் சருகை மோந்தாள். வலது முன்னங்காலை நீட்டி, வைத்தும் வைக்காமலும் தரையைத் தட்டினாள், எடுத்துக்கொண்டாள். ஒரு நிமிடம் சும்மா நின்றாள். பிறகு இடப்பக்கம் ஓரடி விலகி, பாறையின் முடிச்சில் கால் வைத்து, எதுவுமே நடக்காதது போல ஏறிப் போய்விட்டாள். பெரியவர் கைக்கம்பால் அந்தச் சருகைத் தள்ளிக் காட்டினார். அடியில் நீர்க்கசிவு, பாசி பிடித்த சாய்வுப் பாறை. நான் இழுத்த வழியில் போயிருந்தால் இரண்டு பேரும் கீழே போயிருப்போம்.

கழுதை பிடிவாதக்காரி என்று நாம் சொல்வதெல்லாம் இதுதான். குதிரை பயந்தால் ஓடும், கழுதை பயந்தால் நிற்கும். ஆப்பிரிக்காவின் வறண்ட கல்லாங்காட்டில், தீனி அரிதான இடத்தில், சிதறி வாழ்ந்த காட்டுக் கழுதையின் வாரிசு அது. அங்கே கண்மண் தெரியாமல் ஓடினால் கால் முறியும், இல்லையென்றால் ஓடிய களைப்பில் சாகும். நின்று பார்த்து முடிவு செய்ததுதான் பிழைத்தது. மனிதரோடு அதற்கு ஏழாயிரம் வருடப் பழக்கம், இன்று நாம் காணும் குதிரை இனம் பழக்கப்பட்டதற்கும் முந்தியது. கழுதையை முன்னால் நின்று இழுக்காமல் அதன் தோளுக்குப் பக்கத்தில் நின்று கூடவே நடந்தால் தானாக வரும். ஜோடிக் கழுதை கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தால் இன்னும் நிம்மதி. மழையில் நனைய விடாதீர்கள், அதன் ரோமத்தில் குதிரைக்கு இருப்பது போல நீர் தாங்கும் தன்மை இல்லை.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி நாடு முழுவதும் சுமார் 1.2 லட்சம் கழுதைகள்தான் மிச்சம். அதற்கு முந்தைய 2012 கணக்கெடுப்பிலிருந்து 61 சதவீதம் குறைவு. சின்ன வயதில் எங்கள் வண்ணாரப்பேட்டைத் தெருவில் துணி மூட்டையோடு கழுதை வரிசையாகப் போகும், பின்னால் குட்டி துள்ளிக்கொண்டு போகும். கடை வாசலில் 'என்னைப் பார் யோகம் வரும்' என்று கழுதைப் படம் மாட்டியிருப்பார்கள். படம் இன்னும் விற்கிறது. கழுதையை நேரில் பார்த்திராத பிள்ளைகள் இப்போது பத்தாம் வகுப்பு படிக்கிறார்கள். கழுதை வைத்திருப்பவரைத் தேடிப்போய், அவருக்குக் கூலி கொடுத்து, அவரோடு ஒரு நாள் நடப்பது அந்த உயிருக்கும் அதை வளர்ப்பவருக்கும் செய்கிற மரியாதை என்று நான் நம்புகிறேன். என் மகளை இரண்டு முறை கூட்டிப் போயிருக்கிறேன். குதிரை ஏறப் பயப்படும் பிள்ளைக்குக் கழுதையோடு நடப்பது நல்ல தொடக்கம்.

சரி, நீங்கள் எங்கே ஆரம்பிப்பது? கிழக்குக் கடற்கரைச் சாலையில் சவாரிப் பள்ளிகள் இருக்கின்றன, இரண்டு மூன்றை நேரில் பாருங்கள். வெளிப்பாதைக்குப் போகும் முன் மைதானத்தில் குறைந்தது இரண்டு மாதம். நிறுத்தவும் திருப்பவும் இறங்கவும் தெரிந்த பிறகு வெளியே. முதல் சவாரிக்கு முன்னும் பின்னும் பழகிய ஆள் இருக்க வேண்டும். புதுச்சேரி வரை போக முடிந்தால் ஆரோவில் சுற்றுவட்டாரத்துச் செம்மண் பாதைகள் சென்னை மணலைவிடப் பல மடங்கு நல்லவை.

திரும்பும்போது கடைசி ஒரு கிலோமீட்டர் இறங்கிவிடுங்கள். வயிற்றுவாரை இரண்டு ஓட்டை தளர்த்தி, கூடவே நடந்து கொட்டகைக்கு வாருங்கள். உடம்பு சூடு ஆற அது வேண்டும். தாடைக்கு அடியில் விரல் வைத்தால் நாடி கிடைக்கும். சும்மா இருக்கும் குதிரைக்கு நிமிடத்துக்கு 28லிருந்து 44 வரை, சவாரி முடிந்து கொஞ்ச நேரத்தில் 64க்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும். சேணத்தை இறக்கினால் முதுகில் அதன் வடிவத்திலேயே வியர்வை நின்றிருக்கும், தண்ணீர் ஊற்றி வழியுங்கள். எங்கள் லாயத்துத் தம்பி வாளியைக் கொண்டுவந்து வைத்ததும் பொன்னி மூக்கை உள்ளே விடுவாள். உறிஞ்சுகிற சத்தம் கேட்காது. ஒவ்வொரு மடக்குக்கும் அந்த வளைந்த காதுகள் இரண்டும் முன்னும் பின்னும் ஒரு முறை அசையும். அவள் எத்தனை மடக்கு குடித்தாள் என்று அதை வைத்து எண்ணிக்கொண்டு நான் பக்கத்திலேயே நிற்பேன்.